பிள்ளைக்கு ஏடிஎச்டியா? டாக்டரிடம் போகும் முன் கையில் இருக்கவேண்டியவை

"உங்க பையன் ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறான், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மிஸ் சொல்லிவிட்டாரா? முதலில் ஒன்று: ஏடிஎச்டி என்பது கவனக்குறைவு, அடங்காத துறுதுறுப்பு சார்ந்த மூளை வளர்ச்சிப் பிரச்சினை; அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. மூளையின் மின் அலைகளைப் படமாக்கும் மூளை மேப்பிங்கை மட்டும் வைத்து முடிவு சொல்கிற இடமென்றால் பர்ஸைத் திறக்காமல் வந்துவிடுங்கள்.

டாக்டர்கள் பார்க்கும் டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறியும் கையேடு) அளவுகோலில் கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9. ஏதாவது ஒரு பக்கத்தில் 6 இருக்கவேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்கவேண்டும், அதில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரியவேண்டும் என்பதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வீட்டில் ஒழுங்காக இருந்து கணக்கு வகுப்பில் மட்டும் ஆட்டம் போடுகிறான் என்றால் சந்தேகம் கணக்கின்மேல் போகட்டும்.

அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். "கவனமே இல்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "5 கணக்கில் இரண்டாவதோடு பென்சில் சீவ எழுந்தான், திரும்பி வந்து மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதைப் போட்டான்" என்று பார்த்ததை அப்படியே எழுதுங்கள். வாண்டர்பில்ட் மாதிரியான கேள்வித்தாளில் பெற்றோருக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று இருக்கும்; டீச்சர் தாளை நீங்களே நிரப்பிக்கொடுத்துவிடாதீர்கள், நிறைய பேர் செய்கிற வேலை அது.

அப்புறம், கண்ணையும் காதையும் சோதியுங்கள். தூக்கத்தைக் கவனியுங்கள்: மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி ராத்திரி முழுக்கக் குறட்டை விடுகிற குழந்தை பகலில் அசல் ஏடிஎச்டி போலவே நடந்துகொள்ளும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து, தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். செல்லில் வீடியோ எடுத்துக் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். வாசிப்பதிலேயே சிரமம், பயம், வீட்டுச் சண்டை, ரத்தசோகை, எல்லாவற்றையும் டாக்டர் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

வகுப்பிலேயே சின்னப் பிள்ளையா என்றும் பாருங்கள். ஒரே வகுப்பில் 11 மாதம் இளையவனை மூத்தவனோடு ஒப்பிட்டால் அவன் குழந்தைத்தனமாகத்தான் தெரிவான். பெண் குழந்தைகள் கதை தலைகீழ்: சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதால் "ரொம்ப அமைதியான பொண்ணு" என்று பாராட்டியே விட்டுவிடுவார்கள்.

போகவேண்டியது குழந்தை மனநல மருத்துவரிடமோ குழந்தை வளர்ச்சி நிபுணரிடமோ. தமிழ்நாட்டில் அரசு வழியாகப் போவதென்றால் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பத்து நிமிடத்தில் பெயர் வைத்து மாத்திரை எழுதினால், டீச்சர் தாளைப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.