மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி.: சேரும் முன்பே தொடங்கும் தவறுகள்

ஜே.ஆர்.எஃப். (ஆய்வு மாணவர்களுக்கான இளநிலை உதவித்தொகை) கையில் வந்ததும் பலர் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., என்.சி.பி.எஸ்., ஹைதராபாத் சி.சி.எம்.பி. எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் அடுத்த ஐந்தாறு ஆண்டு நீங்கள் இருக்கப்போவது அங்கே ஒரே ஒரு லேபில், ஒரே ஒரு கைடிடம். அவரைப் பற்றி விசாரிக்காமல் சேர்வதைத்தான் இத்துறையின் மிகப் பெரிய தவறு என்பேன்.

அந்த லேபில் கடைசியாக முடித்த மூன்று நான்கு பேரைத் தேடுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? முதல் ஆசிரியராகப் பேப்பர் வந்ததா? இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதியில் விட்டுப் போனவர்களின் பெயர் இணையதளத்தில் இருக்காது. அதை சீனியர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். ப்ராஜெக்ட் நிதி எந்த ஆண்டுவரை இருக்கிறது என்று கைடிடமே கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனால் 42,000. அது உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். ஆன்டிபாடி, சீக்வென்சிங் போன்ற சோதனைச் செலவுகளுக்கு லேபில்தான் பணம் இருக்க வேண்டும். உதவித்தொகை ஐந்து ஆண்டுக்கு மட்டுமே. யு.ஜி.சி.யின் 2022 விதிகளோ பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டு வரை இடம் தருகின்றன. அந்த ஆறாவது ஆண்டுச் செலவைச் சேரும்போதே கணக்குப் போடுங்கள்.

சேர்ந்த பிறகு, சீனியர் தரும் செல் லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகையை) அப்படியே நம்பிவிடாதீர்கள். பல ஆய்வகங்களில் வெவ்வேறு பெயரில் வளர்ந்துகொண்டிருந்தவை உண்மையில் ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்களே என்று மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் 1966இலேயே காட்டினார். அந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. முதல் சோதனைக்கு முன்பே எஸ்.டி.ஆர். பரிசோதனையும் (செல்லின் டி.என்.ஏ. அடையாளத்தைச் சரிபார்ப்பது) மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றுக்கான பரிசோதனையும் செய்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் அதுவரை எடுத்த தரவு முழுவதும் வீண்.

புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையின் வெட்டாத மூலப் படங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் குழு 2016இல் 20,621 பேப்பர்களை ஆராய்ந்தபோது 3.8 சதவீதத்தில் ஒரே படம் முறையின்றி மீண்டும் வருவது போன்ற சிக்கல் இருந்தது. யாராவது கேள்வி கேட்டால் உங்களைக் காப்பது அந்த மூலப் படம்தான்.

காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களின் பக்கம் போகவே வேண்டாம். 2022 விதிகளில் பிஎச்.டி.க்குப் பேப்பர் கட்டாயமில்லை; உங்கள் பல்கலைக்கழகம் தனியாக நிபந்தனை வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய இதழில் பேப்பர் வரட்டும், பிறகு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடலாம் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பல ஃபெல்லோஷிப்புகள் பட்டம் பெற்ற தேதியிலிருந்தே ஆண்டுகளை எண்ணுகின்றன. பேப்பரை பயோஆர்க்கைவ் இணையதளத்தில் முன்வெளியீடாக (இதழில் வருவதற்கு முன்பே) ஏற்றிவிட்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாமல், ஒவ்வொரு பேராசிரியரின் அண்மைப் பேப்பரையும் படித்து, அதில் நீங்கள் அடுத்துச் செய்ய விரும்பும் சோதனையை நான்கு வரியில் எழுதுங்கள்.