குருட்டு மீன் விஷயத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

"இருட்டில் கண்ணுக்கு வேலையில்லை, பயன்படுத்தாமல் விட்டதால் கண் போய்விட்டது." குகை மீன்கள் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். 1859-இல் டார்வினே ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார் என்பதால் சொல்பவரைக் கோபிக்க மனம் வருவதில்லை. ஆனாலும் தவறுதான். ஆயுள் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டே வாழ்ந்தவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் கண் இருக்கும்.

நடப்பது வேறு. மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஆற்றில் கண் பழுதாகிப் பிறந்த குஞ்சு சீக்கிரம் செத்துப்போகும், பிழையும் அதோடு போய்விடும். குகையில் அந்தக் குஞ்சுக்கு நஷ்டமில்லை. சொல்லப்போனால் லாபம். கண்ணும் அதற்கான மூளைப் பகுதியும் நிறைய சக்தியைத் தின்பவை. இரை அரிதான இடத்தில் அந்தச் செலவு மிச்சம்.

அடுத்த தவறு, இந்த மீன்களுக்குக் கண் முளைப்பதே இல்லை என்று நினைப்பது. வடகிழக்கு மெக்சிகோவில் எல் ஆப்ரா மலைத்தொடரின் சுண்ணாம்புக்கல் குகைகளில் மெக்சிகோ டெட்ரா என்ற சிறு மீனின் குருட்டு வகை ஒன்று வாழ்கிறது; ஆற்றில் வாழும் அதே இனத்துக்குக் கண் உண்டு. குகை வகைக்கோ வெளிறிய உடல், கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். ஆனால் கருவில் அதற்குக் கண் உருவாகத் தொடங்குகிறது! பிறகு விழிவில்லையின் செல்கள் தாமாகவே மடிய, வளர்ச்சி நின்று, கண் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. யமமோட்டோ, ஜெஃப்ரி என்ற இரு ஆய்வாளர்கள் ஆற்று மீன் கருவிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் குகை மீன் கருவின் ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்தினார்கள். 2000-இல் வெளியான முடிவு: ஒரு பக்கம் முழுக் கண், மறுபக்கம் வெறும் தோல். கண் செய்யும் வித்தையை அந்த மீன் முழுதாக மறந்துவிடவில்லை.

சரி, ஒரே ஒரு குருட்டுக் கூட்டம் உண்டாகி எல்லாக் குகைக்கும் பரவியதா? அதுவும் இல்லை. வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை இணைசேர்த்துப் பார்த்ததில், குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை திரும்பியது (2008). எஞ்சின் போன ஸ்கூட்டரையும் சக்கரம் போன ஸ்கூட்டரையும் வைத்து ஓடுகிற வண்டி ஒன்று தேற்றுவது மாதிரி. ஒவ்வொரு குகையிலும் பழுதானது வேறு வேறு மரபணு. அப்பாவிடம் கெட்டது அம்மாவிடம் நன்றாக இருந்திருக்கிறது.

இதைச் 'சீரழிவு' என்று எழுதுபவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். கருவில் கண்ணை ஒடுக்கும் அதே மரபணுச் சமிக்ஞைதான் இந்த மீனுக்குச் சுவைமொட்டுகளைக் கூட்டித் தாடையையும் பெரிதாக்குகிறது. நீரின் அதிர்வை உணரும் புலனும் ஆற்று மீனைவிடக் கூர்மை. கும்மிருட்டில் ஆற்று மீனையும் இதையும் சேர்த்துவிட்டால் இரை யாருக்கு?

வௌவாலைக் குகைவாசிப் பட்டியலில் முதலில் போடுவதும் பொருந்தாது. அது பகலில் தங்கிவிட்டு இரவில் வெளியே போய்ச் சாப்பிடும் விருந்தாளி, கண்ணும் தெரியும். ஆனால் அதன் எச்சத்தை நம்பித்தான் பல குகைகளில் பூச்சிகள் பிழைக்கின்றன.

அப்புறம், குகை உயிர் என்றால் ஆள் நுழையும் குகையில்தான் தேட வேண்டும் என்ற எண்ணம். பாறை இடுக்கில் ஓடும் நிலத்தடி நீரும் அவற்றுக்கு வீடுதான். பக்கத்துக் கேரளத்தில் செம்பாறைக்கு அடியில் ஒரு மீன் உலகமே இருக்கிறது. கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த, கண்ணே இல்லாத சிறு கெளுத்தி ஒன்றுக்கு 1950-இல் ஹோராகிளானிஸ் கிருஷ்ணாய் என்று பெயரிட்டார்கள். விரல் நீளம்கூட இராது; தோல் வழியே ரத்தம் தெரிவதால் உடல் சிவந்திருக்கும். 2019-இல் கோழிக்கோட்டுக் கிணற்று மீன் ஒன்றுக்கு, ஓமப்பொடி போல மெல்லிசாக இருந்ததால், வடக்கத்தித் தின்பண்டமான புஜியாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். பாங்கியோ புஜியா.