ஜார்ஜிய விருந்து மேசையில் அரிய ஒயின்களைத் தேடும் முறை

ஜார்ஜியாவில் 500க்கும் மேற்பட்ட உள்ளூர்த் திராட்சை ரகங்கள் பதிவாகியுள்ளன. ஆயினும் தலைநகர் டிபிலிசியின் கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படுபவை சபெராவி என்னும் சிவப்பு ஒயினும் ர்காட்சிதெலி என்னும் வெள்ளை ஒயினுமே. சோவியத் ஆட்சிக் காலத்தில் விளைச்சல் மிகுந்த சில ரகங்களே பெருமளவில் பயிரிடப்பட்டதால், மற்றவற்றுள் பல, வீட்டுத் தோட்டங்களிலும் சிறு குடும்பங்களின் நிலவறைகளிலும்தான் பிழைத்திருந்தன. ஆகவே அவற்றைத் தேடுபவர் கடையை நம்பியிருக்காமல், ‘சுப்ரா’ எனப்படும் விருந்து மேசைக்குச் செல்ல வேண்டும்.

பயணத்தின் காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கிழக்கிலுள்ள ககேதியில் ‘ர்த்வெலி’ என்னும் திராட்சை அறுவடை செப்டம்பரிலும் அக்டோபரிலும் நடக்கிறது. மேற்கு மாவட்டங்களில் சற்றுத் தாமதமாகும். அறுவடை நாட்களில் வீடுதோறும் விருந்து உண்டு என்றாலும், அப்போது புது ஒயின் தயாராகியிருக்காது என்பதால், ஊற்றப்படுவது முந்தைய ஆண்டினதாகவே இருக்கும். பல சிறு தயாரிப்பாளர்களை ஒரே நாளில் சந்திக்க விரும்புவோருக்கு, டிபிலிசியில் மே மாதம் நடைபெறும் புது ஒயின் திருவிழாவே ஏற்றது.

மேசையில் அமர்ந்தபின் ஒழுங்கு முக்கியம். ‘தமாதா’ எனப்படும் விருந்துத் தலைவர் அமைதிக்காக, மறைந்தோருக்காக, பெற்றோருக்காக என ஒவ்வொன்றாக வாழ்த்துரை கூறுவார். அவர் பேசி முடிக்கும் முன் கோப்பையை உயர்த்துவது மரியாதை அன்று. ஒவ்வொரு வாழ்த்துக்கும் முழுக் கோப்பையையும் காலி செய்ய உங்களால் இயலாதெனில், தொடக்கத்திலேயே தமாதாவிடம் அதைப் பணிவாகச் சொல்லிவிடுங்கள். சுவையைக் கவனிக்க வந்தவருக்கு நிதானம் தேவை. இடையிடையே ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பிச் செல்ல வாடகைக் காரை முன்னரே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சுவைப்பதற்குச் சிறந்த வழி, ஒரு வட்டாரத்தின் உணவோடு அதே வட்டாரத்தின் ஒயினைச் சேர்ப்பதுதான். ககேதியில் திராட்சைச் சாற்றை, தோல், விதை, காம்பு ஆகியவற்றோடு சேர்த்தே, கழுத்துவரை மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்னும் பெரிய தாழியில் ஊற்றி, ஏறத்தாழ ஆறு மாதம் விடுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற முறை இது. இதனால் வெள்ளைத் திராட்சையின் ஒயின்கூட அடர்ந்த தேன் நிறமும் தேயிலையைப் போன்ற துவர்ப்பும் பெறுகிறது. கிசி, கிக்வி ஆகிய ரகங்களை இங்கே கேட்டு வாங்குங்கள். வாட்டிய கத்தரிக்காய்த் துண்டில் வால்நட்டும் பூண்டும் அரைத்த விழுதைப் பூசிச் சுருட்டி, மேலே மாதுளை முத்துகளைத் தூவிய பத்ரிஜானி மேசைக்கு வரும். அதை ஒரு வாய் மென்று விழுங்கியவுடன் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். தனியே குடித்தபோது நாக்கை இழுத்த துவர்ப்பு, வால்நட்டின் எண்ணெய்ப் பசையில் தணிந்து, உலர்ந்த ஆப்ரிகாட்டின் மணம் மேலெழும். இவ்வகை ஒயினைச் சில்லென்று குளிரவைத்துப் பரிமாறினால் துவர்ப்பு மட்டுமே மிஞ்சும்; 12 முதல் 15 டிகிரி போதும்.

மேற்கே இமெரெதியில் தோலைக் குறைவாகவே சேர்ப்பதால் த்சித்ஸ்கா, க்ரகுனா போன்ற ரகங்களின் ஒயின்கள் மென்மையாக இருக்கின்றன. பாலாடைக்கட்டி நிறைத்த கச்சாபுரி ரொட்டிக்கு அவற்றின் புளிப்பு நன்கு பொருந்தும். ராச்சா வட்டாரத்தின் க்வாஞ்ச்காரா ஒயின் இனிப்புச் சாயல் கொண்டது, புகழ்பெற்றதும்கூட; அதற்குப் பதில் இனிப்பற்ற அலெக்சாந்த்ரோலி கிடைக்குமா என்று கேளுங்கள், அவரைப் பருப்பு நிறைத்த லோபியானி ரொட்டியோடு அது சிறக்கும். முற்காலத்தில் மரங்களில் படரவிட்டு வளர்க்கப்பட்ட ஒஜலேஷி என்னும் சிவப்பு ரகம் சமெக்ரெலோவுக்கு உரியது. மிளகாய் விழுதான அஜிகா மணக்கும் அவ்வட்டார இறைச்சிக் குழம்பு நம் நாக்குக்கும் இசைவாக இருக்கும்.

வீட்டில் செய்தது என்பதாலேயே ஓர் ஒயின் நல்லதாகிவிடாது. புளித்த காடியின் வாடை தூக்கலாக அடித்தால் நாகரிகமாகத் தவிர்த்துவிடுங்கள். பிடித்திருந்தால், எந்த ரகம், எந்த ஊர்த் தோட்டம், தோலோடு எத்தனை மாதம் இருந்தது, தாழியை எப்போது திறந்தார்கள், அக்கம்பக்கத்தில் வேறு யார் இதைச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் அடுத்த மேசைக்கு உங்களை அழைத்துச் செல்லும். ரகத்தின் பெயரை ஜார்ஜிய எழுத்திலேயே எழுதி வாங்குங்கள். பிற மொழிகளில் அதை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் பின்னர் தேடும்போது குழப்பம் வரும்.

இந்தியாவுக்குத் தீர்வையின்றி ஒருவர் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர் என்பதால், 750 மி.லி. பாட்டில்கள் இரண்டுக்குத்தான் இடம் உண்டு. வேறெங்கும் வாங்க முடியாத ரகங்களுக்கே அந்த இடத்தை ஒதுக்குங்கள். வடிகட்டாத ஒயினாக இருந்தால், ஊர் சேர்ந்தபின் பாட்டிலைச் சில நாட்கள் நிறுத்தி வைத்து, மண்டி அடியில் படிந்த பிறகு அசைக்காமல் ஊற்றுங்கள்.