புதிதாய் வந்தவர் கையில் மைக் கொடுக்காதீர்கள்

எங்கள் பக்கத்து வாலிபர் கூட்டங்களில் தம்பி தங்கைகள் விசுவாசத்துக்குப் புதிதாய் வந்தவர்களில் ஆளுக்கு இரண்டு மூன்று பேரைக் கூடவே இருந்து சீஷத்துவத்தில் வளர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த நாளில் நாங்கள் அடித்த கூத்தையே இவர்களும் அடிக்கிறார்கள். ஜெபிக்காமல் போகாதே, சொன்ன நேரத்துக்குப் போ என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

சீக்கிரமே சாட்சி சொல்ல வைப்பது

தேவன் தன்னை எப்படி மாற்றினார் என்று ஒருவர் சொல்வதுதான் சாட்சி. புதியவரை அவசரப்பட்டு மேடையேற்றி அதைச் சொல்ல வைப்பதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒருவர் குடியை விட்டுவிட்டுச் சபைக்கு வருகிறார். பேச்சும் நன்றாக வந்துவிட்டால் போதும், ஞானஸ்நானம் எடுத்த ஈரம் காய்வதற்குள் கையில் மைக். எனக்குத் தெரிந்த ஒரு தம்பியை அப்படித்தான் ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். முதல் கூட்டத்தில், "வேலை முடிந்து வரும்போது ஒரு குவார்ட்டர் வாங்குவேன்" என்றுதான் சொன்னார். கன்வென்ஷன் பந்தலுக்குப் போனபோது அது முழுப் பாட்டிலாகியிருந்தது. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனும் சேர்ந்துகொண்டது. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். எந்த இடத்தில் ஜனங்கள் "அல்லேலூயா" சொன்னார்களோ அந்த இடம் வளர்ந்துகொண்டே போனது.

ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டார். நடக்கக்கூடியதுதான், வந்து சொன்னால் அவரோடு உட்கார்ந்து ஜெபிக்கலாம். ஆனால் அடுத்த கூட்டத்துப் போஸ்டரில் அவர் படம். யாரிடம் போய்ச் சொல்வார்? சபைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். கூட்டிப்போனவர்களோ "பின்வாங்கிட்டான்" என்று முடித்துவிட்டு வேறு ஆள் தேடினார்கள்.

கண்காணியாகிறவன், அதாவது சபையை நடத்துகிறவன், "நூதன சீஷனாயிருக்கக்கூடாது", புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக்கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். பெருமைகொண்டு விழுந்துவிடுவான் என்ற காரணமும் அதே வசனத்தில் இருக்கிறது. அந்தப் பவுலே, சவுல் என்ற பெயரில் இருந்தபோது, மனந்திரும்பியதும் தமஸ்குவில் உடனே பிரசங்கிக்கவில்லையா என்பார்கள். சரி, அவர் கமாலியேல் என்ற யூத போதகரிடம் வேதம் படித்தவர். அவரையே மூத்த ஊழியரான பர்னபா தர்சு வரை தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்துவந்து, ஒரு வருஷம் கூடவே இருந்தார்.

அப்படியானால் சாட்சியே வேண்டாமா? வீட்டில் சொல்லட்டும், வேலை செய்யும் இடத்தில் சொல்லட்டும். அங்கே கூட்டிச் சொல்ல வழியில்லை. எல்லாரும் அவரை அறிந்தவர்கள். சபையில் பாய் விரிக்கட்டும், நாற்காலி அடுக்கட்டும். வாரம் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தை 16 அதிகாரமும் மெதுவாக வாசியுங்கள். அவர் கேள்வி கேட்கட்டும்.

எல்லாவற்றுக்கும் நீங்களே முடிவு சொல்வது

எந்த வேலைக்குப் போகலாம், இந்தப் பெண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டு வருவார்கள். "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று பதில் சொல்லிப் பழகினால், அவர் தானாக ஜெபிக்கவே மாட்டார். அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் முடிந்ததே.

தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவது

அனுப்புங்கள். அதற்குப் பெயர் சீஷத்துவம் இல்லை.

நாலு பேர் முன்னால் திருத்துவது

கூடாது. பிரசங்கியான அப்பொல்லோவுக்குத் தெரியாததை, ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டுதான் விளக்கினார்கள்.

விழுந்தவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது

முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்குவை அடுத்த பயணத்துக்குக் கூட்டிப்போகப் பவுல் ஒப்புக்கொள்ளவில்லை. பர்னபா கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பிற்பாடு அதே பவுல், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதினார்.