யூகே அரசியல் நியூஸ் வந்தா பதறாம படிக்கிறது எப்படி

நம்ம மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு எந்தப் பக்கம் போனாலும் இப்ப யூகேல ஒரு புள்ள இருக்கிற வீடு கண்ணுல படும், கேர் வேலைக்கு, அதாவது வயசானவங்க, முடியாதவங்களைப் பாத்துக்கிற வேலைக்குப் போனதோ படிக்கப் போனதோ, அதனால அந்த நாட்டு எலக்‌ஷனும் விசா சட்டமும் நம்ம சலூன்லயும் பஸ் ஸ்டாண்ட்லயும் பேச்சா ஆயிருச்சு. பேசறது தப்பில்ல. ஆனா பாதிப் பேரு தலைப்பை மட்டும் பாத்துட்டு குரூப்புக்கு தட்டி விட்டுர்றாங்க, அதை வச்சு வீட்ல அழுகையும் சண்டையும். அதான் இதை எழுதுறேன். ஒரு நியூஸ் வந்தா நீங்க கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு, யார் சொன்னது, அது எந்தப் படியில நிக்குது.

படின்னா என்னான்னு நமக்கு யாரும் சொல்லித்தர தேவையில்லங்க. 2024 மே 1ஆம் திகதி கொட்டகலை மே தின மேடையில ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1,700 ரூவான்னு அறிவிச்சாரு, எல்லாரும் கைதட்டுனோம், கெசட்டும் வந்துச்சு. கம்பனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, ஜூலைல உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுச்சு, கடைசில செப்டம்பர்ல கெசட்ல வந்தது 1,350. மேடை, கெசட், கோர்ட்டு, கைக்கு வர்ற காசு, நாலும் நாலு இடம். இந்தக் கணக்கை அப்படியே பிரிட்டனுக்கும் போட்டுப் பாருங்க, முக்காவாசி குழப்பம் போயிரும்.

அங்க மொதல் படி, கட்சிக்காரங்க பேச்சும் தேர்தல் விஞ்ஞாபனமும். இதுக்கு சட்ட பலம் ஒண்ணும் கிடையாது. அடுத்தது அரசாங்கம் வெளியிடுற வெள்ளை அறிக்கை, இப்படி செய்யப்போறோம்னு எழுதி வைக்கிறது, இதுவும் சட்டம் இல்ல. அதுக்கப்புறம் சில விஷயத்துக்கு பொதுமக்கள்கிட்ட கருத்து கேப்பாங்க, கன்சல்டேஷன்னு பேரு. பெரிய விஷயம்னா சட்டமூலமா பார்லிமென்ட்டுக்கு வரும், காமன்ஸ், லார்ட்ஸ்னு ரெண்டு சபையும் தாண்டி ராஜா ஒப்புதல் கொடுக்கணும். இதுக்கு மாசக்கணக்குல ஆகும்.

ஆனா விசா மேட்டர்ல ஒரு குறுக்கு வழி இருக்கு, இதைத்தான் நம்ம ஆளுங்க ரொம்பப் பேரு கவனிக்கிறதில்ல. குடிவரவு விதிகளை மாத்துறதுக்கு புதுசா சட்டம் தேவையில்ல, உள்துறை அமைச்சு விதி மாற்ற அறிக்கைன்னு ஒண்ணை பார்லிமென்ட்ல வச்சா போதும், எம்பிமார் எதிர்த்து ஓட்டுப் போட்டு கவுக்கலேன்னா அதுல போட்டிருக்கிற திகதியில அமலுக்கு வந்துரும். அதனால "எல்லாம் சும்மா பேச்சு, ஒண்ணும் நடக்காது"ன்னு அடிச்சு விடுறவங்களையும் நம்பாதீங்க.

ஒரே அறிக்கையில வந்த ரெண்டு விஷயத்தை எடுத்துப் பாப்போம். 2025 மே 12ல லேபர் அரசாங்கம் குடிவரவு பத்தி ஒரு வெள்ளை அறிக்கை விட்டுச்சு. அதுல கேர் வேலைக்கு வெளிநாட்டுல இருந்து ஆள் எடுக்குறதை நிறுத்துறோம்னு ஒண்ணு இருந்துச்சு, நிரந்தர வதிவிடம் கேக்க அஞ்சு வருஷம் இல்ல, பொதுவா பத்து வருஷம் ஆகணும்னு இன்னொண்ணு இருந்துச்சு. மொதலாவது விதி மாற்றமா வந்து ஜூலை 22லயே அமலுக்கு வந்துருச்சு, ரெண்டரை மாசம் கூட ஆகல. ரெண்டாவது அப்படி வரல, நவம்பர்லதான் கன்சல்டேஷனுக்கு விட்டாங்க, அதுல கேர் வேலைக்காரங்களுக்கு 15 வருஷம்னு ஒரு யோசனையும் இருந்துச்சு. ஆனா மே மாசமே நம்ம குரூப்ல "பத்து வருஷம் ஆக்கிட்டான்"னு பரவுன மெசேஜ் எத்தனை! நீங்க வாசிக்கிற நேரத்துல அது எந்தப் படிக்கு வந்திருக்குன்னு கவ் டாட் யூகே (gov.uk)ங்கிற பிரிட்டிஷ் அரசாங்கத் தளத்துல போய் பாத்துக்கங்க, யூடியூப்காரன் தலைப்புல பாக்காதீங்க.

இதுல காசு விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஜூலை 22க்கு அப்புறமும் "இங்கருந்தே புதுசா கேர் விசா எடுத்துத் தாறேன், அட்வான்ஸ் மட்டும் குடு"ன்னு யாராவது வந்தா, ஆள் யாரா இருந்தாலும், கோயில் கமிட்டிக்காரரா இருந்தாலும் சரி, எழும்பி வந்துருங்க. வேற வேலைக்கு ஸ்பான்சர் இருக்குன்னு சொன்னா, லைசன்ஸ் உள்ள ஸ்பான்சர் கம்பனி பட்டியல் கவ் டாட் யூகேல இலவசமா இருக்கு, பேரைத் தேடிப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. பேரு அதுல இருந்தா மட்டும் வேலை நிஜம்னு ஆயிராது, பேரு இல்லேன்னா கதை அங்கேயே முடிஞ்சுது.

பெருசா அறிவிச்சும் நடக்காமப் போனதுக்கு உதாரணம் ருவாண்டா திட்டம். படகுல வர்றவங்களை ருவாண்டாவுக்கு அனுப்புவோம்னு 2022 ஏப்ரல்ல கன்சர்வேட்டிவ் அரசாங்கம் அறிவிச்சது, 2023 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம்னுச்சு, 2024 ஏப்ரல்ல தனியா ஒரு சட்டமே கொண்டு வந்தாங்க, ஜூலைல லேபர் ஜெயிச்சு வந்து திட்டத்தையே தூக்கிருச்சு. ரெண்டு வருஷம் தலைப்புச் செய்தி, வலுக்கட்டாயமா ஒருத்தரைக் கூட அனுப்பல.

இனி யார் சொன்னதுங்கிறது. 2025 செப்டம்பர் 22ல ரிஃபார்ம் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ், நாங்க ஆட்சிக்கு வந்தா நிரந்தர வதிவிட அனுமதியையே இல்லாம பண்ணுவோம், ஏற்கனவே வாங்குனவங்களும் திரும்ப விசாவுக்கு போடணும்னு சொன்னாரு. நம்ம பக்கம் அது வந்து சேரும்போது "யூகே பிஆர் கேன்சல், எல்லாரும் திரும்பி வரணும்"னு ஆயிருச்சு. எங்க பெரியம்மா மறுநா விடியக்காலை அஞ்சு மணிக்கு மகளுக்கு கோல் எடுத்துட்டாங்க, அங்க ராத்திரி பன்னெண்டரை, அவ நைட் ஷிஃப்ட்ல ஒரு வயசானவருக்கு படுக்கை மாத்திக்கிட்டு இருந்திருக்கா. "அம்மா, அவரு பிரதமரே இல்ல, வச்சிரு"ன்னு வச்சுட்டா. பெரியம்மாவுக்கு அது பதிலா படல, சாயங்காலம் வரைக்கும் சோறு திங்கல.

சரியான பதில் இதான். 2024 தேர்தல்ல அந்தக் கட்சி ஜெயிச்சது 650 தொகுதில அஞ்சு. எதிர்க்கட்சி எதை அறிவிச்சாலும் அடுத்த தேர்தல்ல ஜெயிச்சாத்தான் செய்ய முடியும், அந்தத் தேர்தலுக்கு 2029 ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்காக அதைக் காதுல போட்டுக்காம விடவும் முடியாது, ஏன்னா 2025ல பெரும்பகுதி கருத்துக் கணிப்புல அவங்கதான் மேல இருந்தாங்க, அந்தப் பயத்துல ஆளுங்கட்சியும் விசாவை இறுக்குச்சு. என்னைக் கேட்டா எதிர்க்கட்சி பேச்சோட நெசமான வேலையே அதுதான்.

ஓட்டு சதவீதத்தையும் சீட்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அங்க நம்ம மாதிரி மாவட்டப் பட்டியலும் விருப்பு வாக்கும் கிடையாது, தொகுதிக்கு ஒரு ஆள், கூட ஓட்டு எடுத்தவன் ஜெயிச்சான், மத்த ஓட்டெல்லாம் தண்ணில போட்ட மாதிரி. 2024ல லேபர் எடுத்தது நூத்துக்கு 34 கிட்ட, கிடைச்சது 411 சீட்டு. ரிஃபார்ம் 14 சதவீதம் எடுத்து அஞ்சு, அவங்களை விட கம்மியா 12 சதவீதம் எடுத்த லிபரல் டெமாக்ரட்ஸுக்கு 72. வயசானவங்களுக்கு இது புதுசில்ல, 1977ல இங்கயும் இதே முறைதான், நூத்துக்கு 51 கிட்ட எடுத்த யூஎன்பி 168ல 140 புடிச்சது (சில தொகுதிக்கு மட்டும் ஒண்ணுக்கு மேல உறுப்பினர், நுவரெலியா மஸ்கெலியா மூணு உறுப்பினர் தொகுதி, அதுலதான் தொண்டமான் மூணாவதா வந்தாரு). அதனால "பிரிட்டிஷ் சனங்க எல்லாமே நம்மள வேணாங்குறாங்க"ன்னு யாராவது சீட்டுக் கணக்கை வச்சு பேசுனா, ஓட்டு எத்தனைன்னு திருப்பிக் கேளுங்க. பிரதமர் மாறுனா ஆட்சி மாறுச்சுன்னும் எடுத்துக்காதீங்க, 2022ல மட்டும் ஜான்சன், ட்ரஸ், சுனக்னு மூணு பேரு இருந்தாங்க, பொதுத் தேர்தலே நடக்கல.

இன்னொரு கலவை "மைக்ரேஷன்"னு ஒரே சொல்லுல எல்லாத்தையும் அள்ளிக் கொட்டுறது. படகுல வர்றவங்க, அகதி அந்தஸ்து கேக்குறவங்க, வேலை விசா, படிக்கிற விசா, எல்லாம் தனித்தனி விதி. நிகர குடிவரவுன்னு சொல்றது வந்தவங்கள்ல இருந்து போனவங்களைக் கழிச்ச கணக்கு, அது 2023 ஜூன் வரைக்குமான ஒரு வருஷத்துல 9 லட்சத்தைத் தாண்டுச்சு, அதுல பெரும்பகுதி விசா எடுத்து முறையா வந்த ஆளுங்க. டிவில படகைக் காட்டிக்கிட்டே இந்த எண்ணை வாசிப்பாங்க, பாக்குறவன் என்ன நினைப்பான்?

சரி, வாதம் பண்றதோட நிக்காம அங்க இருக்கிற புள்ளைங்க என்ன செய்யலாம்னா, ஓட்டு போடலாம். நிறைய பேருக்கு இது தெரியாது. இலங்கை காமன்வெல்த் நாடு, அதனால செல்லுபடியாகிற விசாவோட அங்க குடியிருக்கிற 18 வயசு தாண்டுன நம்ம ஆளு, பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே பார்லிமென்ட் தேர்தல்லயும் உள்ளூராட்சித் தேர்தல்லயும் ஓட்டு போடலாம். 2024ல இங்க நடந்த தேர்தலுக்கு வெளிநாட்டுல இருந்துக்கிட்டு போட வழி இல்லாம போச்சு, அங்க உள்ளதுக்கு போடலாம், வேடிக்கைதான். கவ் டாட் யூகேல பதிஞ்சுக்கணும், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கேக்கும், தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்னாடியே முடிச்சிரணும். ஓட்டுப் போடப் போறப்ப போட்டோ அடையாளம் வேணும், இலங்கை பாஸ்போர்ட்டே போதும். தேர்தல் பொதுவா வியாழக்கிழமை, லீவு கிடையாது, ஆனா காலை 7 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் பூத் திறந்திருக்கும், ஷிஃப்ட் முடிஞ்சு போக டைம் இருக்கு, விரல்ல மையும் வைக்க மாட்டாங்க.

ஒரு ஓட்டுல என்ன ஆகிரப்போகுதுன்னு சொல்ற தம்பிமாருக்கு, 2024ல லண்டன் ஹெண்டன் தொகுதில லேபர் ஜெயிச்சது 15 ஓட்டு வித்தியாசத்துல. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் நம்ம தாத்தா பாட்டிமார் எத்தனை வருஷம் ஓட்டே இல்லாம கெடந்தாங்கன்னு இங்க யாருக்கும் விளக்கணுமா? அந்த 2024 தேர்தல்லயே லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதில ஈழத்தமிழ் வம்சாவளி உமா குமரன் எம்பியா வந்தாங்க.

எம்பிக்கு எழுதுறதும் பலன் உண்டு, ஆனா தன் தொகுதி எம்பிக்குத்தான் எழுதணும், கடிதத்துல வீட்டு விலாசமும் போஸ்ட்கோடும் இருக்கணும், இல்லேன்னா பதில் வராது. "நான் இந்த வயோதிபர் இல்லத்துல ராத்திரி வேலை பாக்குறேன், விதி மாறுனா எனக்கு இன்னது நடக்கும்"னு சொந்த விஷயத்தை நாலு வரி எழுதுறது, குரூப்ல வந்ததை காப்பி பண்ணி ஒட்டுறதை விட எவ்வளவோ மேல். பார்லிமென்ட் மனுவுல 10,000 கையெழுத்து வந்தா அரசாங்கம் பதில் சொல்லும், ஒரு லட்சம் வந்தா விவாதத்துக்கு எடுக்கலாமான்னு பாப்பாங்க. ஆனா இங்க இருந்துக்கிட்டு நாம கையெழுத்து வைக்காதீங்க, அது பிரிட்டிஷ் குடிமக்களுக்கும் அங்க வசிக்கிறவங்களுக்கும் மட்டும்தான்.

தேர்தல் ராத்திரி முழிச்சிருந்து பாக்க ஆசைன்னா, கோடைகாலத் தேர்தல்னா அங்க பூத் மூடுறது நம்ம நேரப்படி வெள்ளிக்கிழமை விடியக்காலை இரண்டரை, குளிர்காலம்னா மூன்றரை. மூடுன நிமிஷமே பிபிசில எக்ஸிட் போல் வரும், குரூப்ல "ரிசல்ட் வந்துருச்சு"ன்னு போடுறது இதைத்தான், இது வெறும் கணிப்பு. 2024ல லேபருக்கு 410ன்னு சொன்னது கிட்டத்தட்ட அப்படியே பலிச்சுது, ரிஃபார்முக்கு 13ன்னு சொன்னது அஞ்சாப் போச்சு. நெசமா லேபர் பெரும்பான்மைக்கு வேண்டிய 326ஐத் தாண்டும்போது இங்க காலை ஒன்பதரை போல ஆயிருச்சு, அதனால படுத்துத் தூங்கிட்டு காலையில பாத்தாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது.