பனி கரைந்ததும் வளவில் என்ன செய்வது? ரொறன்ரோவில் முதல்முறை தோட்டம் போடுபவர்களுக்கு

ஏப்ரலில் ஒரு நாள் திடீரென்று 18 பாகை வெயில் எறிக்கும். நாலைந்து மாதம் ஜாக்கெட்டுக்குள் கிடந்த உடம்பு சும்மா இருக்குமா, மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போகச் சொல்லும். போங்கள், வெயில் காயுங்கள், ஆனால் அன்றைக்கே கொத்த வேண்டாம். ஸ்காபரோவில் எங்கள் முதல் வீட்டில் நான் செய்த பிழை அதுதான். ஈரக் களிமண்ணைக் கொத்திப் புரட்டினேன், அது கட்டிகட்டியாகக் காய்ந்து அந்தக் கோடை முழுக்கச் செங்கல் மாதிரிக் கிடந்தது.

முதலில் மண்ணின் பதம் பாருங்கள். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கொழுக்கட்டை மாதிரி இறுக்கிப் பிடித்து, பெருவிரலால் மெல்லக் குத்துங்கள். விரல் மட்டும் பதிந்து பிடி அப்படியே நின்றால் ஈரம் இன்னும் அதிகம், ஒரு கிழமை பொறுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். புட்டுக்கு மா குழைத்தவர்களுக்கு இந்தப் பதத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை. புல்தரைக்கும் இதே கணக்குத்தான்: கால் வைத்ததும் தண்ணீர் கசிந்தால் அதில் நடக்கவே வேண்டாம், மண் இறுகிப் போனால் வேருக்குக் காற்றுப் போகாது.

மண் காயும்வரை உள்ளே நிறைய வேலை இருக்கிறது. மிளகாயும் கத்தரியும் மார்ச் நடுவில், தக்காளி ஏப்ரல் தொடக்கத்தில், சின்னக் கோப்பைகளில் விதைத்துவிட வேண்டும். மிளகாய் விதைக்குச் சூடு வேண்டும், 25 பாகைக்கு மேல் இருந்தால் நன்றாக முளைக்கும், அதனால் ஹீற்றர் காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். முளைத்தபின் வேண்டியது வெளிச்சம். யன்னல் வெளிச்சம் மட்டும் என்றால் கன்று நூல் மாதிரி நீண்டு சரிந்துவிடும், சாதாரண எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கன்றுக்கு மூன்று அங்குலம் மேலே கட்டி ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரியவிடுங்கள். அப்புறம் வெளிக் குழாய். குளிருக்காகப் பேஸ்மென்ற்றில் பூட்டிய வால்வை மெல்லத் திறந்து, சுவருக்குள் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் புல். மண் காய்ந்ததும் இலை வாரும் றேக்கால் மெதுவாக வாருங்கள், பிய்த்து எடுக்கக் கூடாது. பனி நெடுநாள் கிடந்த இடங்களில் சாம்பல் நிறத்தில், சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகப் படிந்திருக்கும். அது பனிப் பூஞ்சணம், பயப்படத் தேவையில்லை, வாரிவிட்டுக் காற்றுப் படவிட்டால் அநேகமாகத் தானே பச்சையாகும். நடைபாதை ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடக்கும் புல்தான் உண்மையான தலையிடி. அது நடைபாதையில் பனி உருகக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பின் வேலை. அந்த இடத்தில் சில நாட்களுக்கு நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கிவிட்டுத்தான் விதை போட வேண்டும். உப்பு இருக்கும்போது விதைத்தால் விதையும் காசும் வீண்.

புல் விதையை மண் 10 பாகைக்கு வந்தபின் தூவுங்கள். மேல்மண்ணைக் கீறிவிட்டு, தூவி, மேலே கொஞ்சம் கொம்போஸ்ற் (மக்கிய உரம்), பிறகு காலையும் மாலையும் மெல்லிய தண்ணீர். புல் வகைகளில் றைகிராஸ் ஒரு கிழமையிலேயே தலை காட்டும், கென்டக்கி புளூகிராஸ் மூன்று நாலு கிழமைகூட எடுக்கும், அதற்குள் செத்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். தரை முழுவதும் புதிதாக விதைக்க நினைத்தால் ஓகஸ்ற் கடைசிவரை பொறுப்பது நல்லது, அப்போது களையும் குறைவு, வெயிலும் குறைவு. களைக்கு மருந்து அடிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிகொல்லி, களைகொல்லி அடிப்பது 2009 ஏப்ரலிலிருந்து தடை. மஞ்சள் பூப் பூக்கும் டன்டெலியன் களையை மழை பெய்த அடுத்த நாள் வேரோடு கிண்டி எடுங்கள். புல்லையும் ஒட்ட வெட்டாதீர்கள், மூன்று அங்குல உயரம் விட்டால் அந்த நிழலிலேயே பாதிக் களை முளைக்காது.

பாத்திகளில் போன வருடத்துக் காய்ந்த தண்டுகளையும் இலைகளையும் அவசரப்பட்டு அள்ள வேண்டாம். அவற்றுக்குள் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிக் கூடுகளும் இருக்கும், பகல் வெப்பம் தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்கும்வரை விட்டுவைக்கலாம். பிறகு வாரிக் காகிதப் பைகளில் போடுங்கள், பிளாஸ்ரிக் பையை நகரசபை எடுக்காது. பாத்தியின் மேலே இரண்டு அங்குலம் கொம்போஸ்ற் பரப்பினால் முதல் வருடத்துக்குப் போதும். கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணி குளிர் தாங்கும், ஏப்ரல் கடைசியிலேயே விதைக்கலாம்.

மிளகாய், கத்தரி, தக்காளி, பாகலுக்கு மட்டும் மே 25க்கு முன் வரும் திங்கட்கிழமை, அதாவது விக்ரோறியா தினம் வரை பொறுக்க வேண்டும். நான் ஒருமுறை மே முதல் கிழமையே பத்து மிளகாய்க் கன்றுகளை வெளியே நட்டேன். ஒரே இரவு உறைபனி. விடியப் பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரிக் கறுத்துத் துவண்டு கிடந்தன, மார்ச்சிலிருந்து வளர்த்த கன்றுகள். நடுவதற்குப் பத்து நாள் முன்பே கன்றுகளை வெளியே பழக்குங்கள்: முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, கடைசியில் இரவும் வெளியே. மங்கலான நாளில் பின்னேரம் நட்டு, அடியில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நட்டபின் ஏதாவது ஓர் இரவு 3 பாகைக்குக் கீழே போகும் என்றால் பழைய பெட்சீற் ஒன்றைக் கம்பு ஊன்றி மேலே போட்டு, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கறிவேப்பிலைத் தொட்டியை எல்லாவற்றுக்கும் கடைசியாக, இரவுக் குளிர் 12 பாகைக்குக் கீழே போகாத யூன் மாதத்தில் வெளியே கொண்டுவாருங்கள். அதையும் முதல் கிழமை நிழலில் வையுங்கள், நேர் வெயிலில் வைத்தால் இலை வெளிறிக் கொட்டிவிடும்.