யாழ்ப்பாணத்து வீடுகளிலுள்ள பழைய சாடிகளையும் பீங்கான்களையும் இனங்காணலும் சேகரித்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகளில் பெட்டகமும் பித்தளைக் குத்துவிளக்கும் காக்கப்பட்ட அளவுக்குச் சாடியும் பீங்கானும் காக்கப்படவில்லை. பித்தளைக்கு நிறைக்கு ஏற்ற விலை உண்டு. பெட்டகத்துக்கு மரத்தின் பெறுமதி உண்டு. விளிம்பு உடைந்த பீங்கானையோ காது போன சாடியையோ பின்வளவில் எறிவதற்கு எவரும் தயங்குவதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரேயடியாக இடம்பெயர்ந்தபோது கையில் தூக்கிச் சென்றவற்றுள் இவை இருக்கவில்லை. அதன் பின்னும் தப்பிக் கிடந்தவை, பழைய வீடு திருத்தப்படும்போதும் இடிக்கப்படும்போதும் கல்லோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து வெளியே போகின்றன. ஆகவே இவற்றைச் சேகரிக்க விரும்புகிறவர் காலந்தாழ்த்தாமல் தொடங்க வேண்டும். பொருளின் அடிப்பாகத்தைப் படிக்கப் பழகுவதும், அது இருந்த வீட்டின் செய்தியை அன்றைக்கே எழுதிவைப்பதும் இத்துறையின் இரண்டு தலையாய வேலைகள். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கையில் எஞ்சுவது அலங்காரப் பொருள்தான்.

களியை அறிதல்

முத்திரையைத் தேடுவதற்கு முன், பொருள் எவ்வகைக் களியால் ஆனது, எவ்வளவு சூட்டில் சுடப்பட்டது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். உள்ளூர்ச் சட்டி, பானை, முட்டி, குடம் ஆகியவை குறைந்த சூட்டில் சுடப்பட்டவை, மெருகு (சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) இல்லாதவை, உடைந்த விளிம்பில் ஒரு துளி நீரை விட்டால் உடனே உறிஞ்சிவிடும். கனமான சாடிகள் மிகுந்த சூட்டில் கல்லைப் போல் இறுகியவை. அவற்றின் உடைவு சாம்பல் நிறமாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கும், நீர் உள்ளிறங்காது. மேசைப் பாவனைக்கு வந்த வெள்ளைக் கோப்பைகளில் இரண்டு இனம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றுட் பெரும்பாலானவை வெண்களியில் வனைந்து மேலே மெருகிட்டவை. அவற்றின் உடைவு சுண்ணாம்புக் கட்டியைப் போல் இருக்கும். உண்மையான சீனப் பீங்கானின் உடைவு கண்ணாடியைப் போல் பளபளக்கும். மெல்லிய பீங்கானின் பின்னே கைத்தொலைபேசியின் விளக்கை வைத்தால் ஒளி ஊடுருவும். விரல்களின் நிழலும் தெரியும். விரல் கணுவால் மெதுவாகத் தட்டும்போது மணியோசை கேட்டால் பொருள் முழுமையானது. மந்தமான ஓசை கேட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்போ ஒட்டுவேலையோ இருக்கக் கூடும்.

உள்ளூர் மண்பாண்டங்களைச் சேகரிப்பவர் மிகக் குறைவு. இது பெருங்குறை என்பது என் எண்ணம். நல்லதொரு பழைய பானையின் உட்புறத்தை விரல்களால் தடவிப் பார்த்தால், உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டிய குயவரின் வேலை சிறுசிறு குழிகளாகத் தட்டுப்படும். கழுத்துப் பகுதியில் மாத்திரம் சக்கரத்தில் சுழன்ற கோடுகள் சீராக ஓடும். அடி உருண்டையாக இருப்பது அடுப்புக் கற்களில் அமர்வதற்காக. வெளியே படிந்த கரியைத் தேய்த்து எடுத்துவிடக் கூடாது; அது சமைத்த பாண்டமா, தண்ணீருக்கோ தானியத்துக்கோ வைத்திருந்த பாண்டமா என்பதற்கு அந்தக் கரியே சான்று.

அடியைப் படித்தல்

பீங்கானை எடுத்தவுடன் பூவேலையைப் பார்ப்பது இயல்பு. பழகியவர் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். அடியிலே அச்சிட்ட முத்திரை, களியில் அழுத்திய எழுத்து, தூரிகையால் எழுதிய எண், சூளையில் தாங்கியாக வைத்த முட்களின் மூன்று சிறு வடுக்கள், அடிவளையத்தின் தேய்வு ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தி சொல்லும்.

பிரித்தானியப் பொருள்களில் வைர வடிவிலான முத்திரை இருந்தால், அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது என்று கொள்ளலாம். வைரத்தின் உச்சியிலுள்ள சிறு வட்டத்தில் மட்பாண்ட வகுப்பைக் குறிக்கும் உரோம எண் நான்கு இருக்கும். அதன் கீழே, மேல்மூலையில் ஆண்டெழுத்து இருந்தால் 1867 வரையான காலம். ஆண்டெழுத்து வலது மூலைக்கு மாறியிருந்தால் 1868 முதலான காலம். 1884இலிருந்து வைரம் கைவிடப்பட்டு, ஒன்றிலிருந்து தொடங்கும் பதிவெண் வந்தது. 1900 தொடங்கும்போது அவ்வெண் சுமார் 3,51,000ஐ எட்டியிருந்தது. இவை வடிவமைப்பைப் பதிந்த காலத்தைக் காட்டுவன. அதே அச்சில் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கோப்பைகள் செய்யப்பட்டிருக்கலாம் என்பதால், பதிவு ஆண்டுக்கு முந்தியதன்று என்று மட்டுமே துணிய வேண்டும்.

நாட்டின் பெயரும் பயனுள்ள சான்று. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தின் பின் ‘இங்கிலாந்து’ என்ற பெயர் முத்திரைகளில் பரவலாயிற்று. ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டது’ என்ற முழுத்தொடர் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. யப்பானியப் பொருள்களில் ‘நிப்பொன்’ என்றிருந்தால் 1921க்கு முந்தியது எனலாம்; ‘ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952க்குள் அடங்கும். ஆனால் அமெரிக்கச் சட்டம் இலங்கைக்கு வந்த பொருளைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே நாட்டின் பெயர் இல்லாத ஒரே காரணத்துக்காகப் பொருளை 1890க்கு முன்னே தள்ளிவிடக் கூடாது. நம் நாட்டுப் பொருள்களுக்கு எல்லைக்கோடு எளிது: 1972 மே 22 வரை ‘சிலோன்’, அதன்பின் ‘ஸ்ரீ லங்கா’.

ஒல்லாந்து நாட்டு மாஸ்திரிக்ட் நகரத்துக் கோப்பைகள் இலங்கையின் பழைய வீடுகளில் காணப்படுகின்றன. பெத்ரூஸ் ரெகூ தொழிற்சாலையின் முத்திரையில் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ் படுத்திருக்கும். சொசியெத்தே செராமிக் தொழிற்சாலையின் முத்திரையில் சிங்கம் நிற்கும். இரண்டும் 1958இல் ஒன்றிணைந்தன. இக்கோப்பைகளைக் கண்டவுடன் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தவை என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அது பொருந்தாது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1658 முதல் 1795 வரை. ரெகூவின் தொழிற்சாலை தொடங்கியது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்துகள் பின்னிய நீலவண்ணத் தட்டுகளையும் மிகுந்த ஐயத்துடனேயே அணுக வேண்டும். இன்று கடைகளில் கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை அண்மைக்காலத்துப் பிரதிகள்.

சீனக் கோப்பைகளில் தூரிகையால் எழுதிய நான்கு அல்லது ஆறு எழுத்துகள் ஒரு பேரரசரின் ஆட்சிப் பெயராக இருக்கலாம். முன்னோர் காலத்தைப் போற்றும் வகையில் பழைய பெயரைப் பின்வந்தோர் எழுதும் வழக்கம் சீனாவில் நெடுங்காலம் இருந்தது. ஆகவே அந்த எழுத்தை மட்டும் நம்பிக் காலம் குறிக்க இயலாது. சாதாரண மக்களின் பாவனைக்கென்று ஏற்றுமதியான கோப்பைகளில் உட்புற நடுவில் மெருகற்ற ஒரு வளையம் இருக்கும். சூளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாதிருக்க மெருகைச் சுரண்டி எடுத்த இடம் அது. அடிவளையத்தில் சூளை மணல் ஒட்டியிருப்பதும் உண்டு. புதிதாக வாங்குகிறவர் இவற்றைக் குறை என்று நினைத்து ஒதுக்குவார். அறிந்தவருக்கு இவையே அடையாளம்.

போலியைக் கண்டறிய ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பழைய அச்சுவேலை செப்புத்தகட்டில் செதுக்கிய கோடுகளாலும் குத்துகளாலும் ஆனது; பொருளில் ஒட்டிய அச்சுத்தாளின் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்தில் பூக்கொடி சற்று விலகி நிற்கும். புதிய பிரதியின் படம் பத்திரிகைப் படம் போன்ற ஒரே சீரான புள்ளிகளாகத் தெரியும். அடிவளையத்தில் பல ஆண்டுப் பாவனையால் வந்த கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். அரத்தாளால் தேய்த்தவை ஒரே திசையில் ஓடும்.

சாடிகளும் மைப்போத்தல்களும்

தோளில் நான்கு அல்லது ஆறு சிறு காதுகளுடன் கபில நிற மெருகு பூண்ட பெருஞ்சாடிகள், பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டவை. பர்மாவில் மட்டுமன்றித் தென்சீனாவிலும் சயாமிலும் வியட்நாமிலும் செய்யப்பட்டவற்றுக்கும் அதே பெயர் வழங்கிவிட்டது. கருமெருகின் மேல் வெள்ளைக் களிப் பொட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தால் அது பர்மாச் சாடியாக இருக்க வாய்ப்பு மிகுதி. தோளைச் சுற்றிப் புடைப்பாக டிராகன் எனும் சீன நாகம் ஓடினால் சீனத்தை நோக்கிச் செல்ல வேண்டும். வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் பர்மா வரை சென்று வாணிபம் செய்தவை; மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராகவும் வேலை பார்த்து ஓய்வூதியத்துடன் திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எந்தக் கடல்வழியாக ஒரு சாடி வந்தது என்பதைப் பெரும்பாலும் அந்த வீட்டின் குடும்பக் கதையே தெளிவாக்கும்.

நரைமஞ்சள் அல்லது கபில நிறத்தில் உருளை வடிவான சிறு கற்போத்தல்களைப் பலர் சாராயப் போத்தல் என்று எறிந்துவிடுகிறார்கள். அடிப்பக்கமாகச் சுவரில் அழுத்திய எழுத்துகளைச் சாய்வான ஒளியில் பாருங்கள். இங்கிலாந்தின் டெர்பி நகருக்கு அண்மையிலுள்ள டென்பியில் ஜே. போர்ண் அன்ட் சன் செய்த போத்தல் என்றும், லண்டன் பி. அன்ட் ஜே. ஆர்னோல்ட் நிறுவனத்தினது என்றும் இருந்தால், அது எழுதும் மை வந்த போத்தல். வாயின் ஒரு பக்கத்தில் மை ஊற்றுவதற்கான சிறு மூக்கு வளைந்திருக்கும். கச்சேரி (அரச நிருவாக அலுவலகம்), கல்லூரி, நொத்தாரிசு அலுவலகம் ஆகியவற்றோடு தொடர்புள்ள வீடுகளில் தேட வேண்டிய பொருள் இது.

கூரையோட்டையும் மறந்துவிட வேண்டாம். மங்களூரில் பேசல் மிசன் என்ற கிறித்தவ மதப்பணிச் சபை 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் ஓடுகளில் அந்த ஆண்டும் பதிந்திருக்கும். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டும் அன்று, வீடு கட்டிய ஆண்டும் அன்று.

எங்கே தேடலாம், எங்கே தோண்டக் கூடாது

உறவினர் வீடுகள், திருத்தவேலை நடக்கும் வீடுகள், பழைய சாமான் வாங்கி விற்போர் ஆகிய இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது. வாங்கும்போது விலையைக் குறைப்பதற்காகப் பொருளின் பெறுமதியை மறைக்காதீர்கள். முதியவர் ஒருவர் தம் தாயாரின் ஊறுகாய்ச் சாடியைத் தரும்போது அதன் வயதைத் தெரிந்தவர் சொல்லிவிடுவதே முறை.

நிலத்தைத் தோண்டித் தேடுவது முற்றாக விலக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்கள் தொல்பொருள்கள். நிலத்தினுள் கண்டெடுக்கப்படாமல் இருப்பவை அரசுக்கு உரியவை. அனுமதியின்றி அகழ்வது குற்றம். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. அல்லைப்பிட்டியில் 1977இல் கிடைத்த சீன ஓட்டுத்துண்டுகள், சொங் அரச மரபுக் காலத்தில் இக்கரைக்கும் சீனத்துக்கும் இருந்த வாணிபத்தைக் காட்டின. கந்தரோடையின் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் அதனிலும் பல நூற்றாண்டுகள் முந்தியவை. இத்தகைய துண்டுகளின் பொருள், அவை கிடந்த மண்ணடுக்கோடு பிணைந்தது. பிடுங்கி எடுத்த துண்டு ஊமையாகிவிடும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ இவை வெளிப்பட்டால், இடத்தைப் படம் எடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். படையினரிடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளில் வெடிபொருள் அபாயமும் இருக்கக் கூடும் என்பதால், மண்ணைக் கிளறும் எண்ணமே வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்துக் கண்ணைப் பழக்க, நல்லூரில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்குச் செல்லலாம்.

கழுவுதலும் பாவனையும்

நம் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது. கரையோரங்களில் உவரும் கலந்தது. மெருகு வெடித்த கோப்பையில் உப்பு நீர் ஊறினால், காய்ந்தபின் உப்பு பூத்து மெருகைப் பெயர்த்துவிடும். ஆகவே மாரியில் பிடித்த மழைநீரால் மென்மையான தூரிகை கொண்டு கழுவி, நிழலில் பல நாள் உலரவிடுங்கள். வெளிற்றும் தூளும், எலுமிச்சம் புளியும், வினாகிரியும் வேண்டாம். பொன்வரியும் மெருகின்மேல் தீட்டிய வண்ணமும் அவற்றால் போய்விடும். சுட்ட மண்ணில் கரி படிந்த பாண்டத்தை நீரில் போடாமல் உலர்ந்த தூரிகையால் தட்டினாலே போதும்.

பழைய மெருகுகள் பலவற்றில் ஈயம் உண்டு. புளிப்பும் உப்பும் ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். எனவே பழைய சாடியில் ஊறுகாயும் புளியும் போட்டுப் பாவிப்பதை, அது பரம்பரைச் சாடியாயினும், நிறுத்த வேண்டும்.

பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த ஊரில் எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் தந்தார், எதற்குப் பாவித்தார்கள், எப்படி வந்ததென்று சொல்கிறார்கள் என்பவற்றைச் சொன்னவரின் சொற்களிலேயே கொப்பியில் எழுதுங்கள். ‘பாட்டாவின் தகப்பன் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது’ என்ற கூற்று அடிமுத்திரையோடு முரண்பட்டாலும் அதைத் திருத்தக் கூடாது. உங்கள் முடிவைத் தனியே அதன்கீழ் எழுதுங்கள். அளவு, நிறை, அடியின் படம், பழுதுகள் ஆகியனவும் சேர வேண்டும். எண்ணைப் பொருளின் அடியில் எழுதுவதாயின் முதலில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, காய்ந்தபின் அதன்மேல் எழுதுங்கள். மெருகில்லாத பானைக்கு நூலில் கட்டிய அட்டையே ஏற்றது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் குடும்பச் சாடியைக் கனடாவுக்கோ இலண்டனுக்கோ கொண்டுசெல்ல விரும்புவது இப்போது அடிக்கடி நேர்கிறது. தொல்பொருளாக இருக்கக் கூடிய எதையும் தொல்பொருள் திணைக்களத்தின் உரிமப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பொருளின் காலம் ஐயத்துக்குரியதானால் பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். பின்னைய காலத்துக் கோப்பையாயினும் தடை உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதனோடு உங்கள் பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் பிரதியையும் வைத்துக் கட்டிக் கொடுங்கள்.